சாவி யார் கையில்?

அந்தி நேரத்திலே ஆலை வாயிலில் போய் நின்று பாருங்கள், தோழர்களே! வேலை முடிந்து வெளியே வரும் தொழிலாளியின் தூக்குச் சட்டியைத் திறந்து பார்ப்பார்கள். இடுப்பைத் தடவிப் பார்ப்பார்கள். ஒரு திருகாணி அகப்பட்டால் போதும், மறுநாள் அவன் வீட்டு அடுப்பிலே பூனை உறங்கும். சோதனையே கூடாது என்று நாம் வாதாடவில்லை. காரில் ஏறிப் போகிறாரே கனவான், அவருடைய கணக்குப் புத்தகத்தைத் தடவிப் பார்ப்பவர் யார்? அதைத்தான் கேட்கிறோம்.

ஐதராபாத்திலே ஒரு கணிப்பொறி நிறுவனம். 1987-இல் பிறந்தது. பெயர் என்ன தெரியுமோ? சத்தியம்! நல்ல நிர்வாகம் நடத்துகிறது என்று 2008 செப்டம்பரில் 'தங்க மயில்' விருதே தந்தார்கள். மயில் ஆடி நான்கு மாதம் ஆகவில்லை. 2009 ஜனவரி 7 அன்று, அதன் தலைவர் ராமலிங்க ராஜு தம் கைப்படவே ஒப்புக்கொண்டார்: இருப்பதாகக் காட்டிய பணத்தில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை! முதல் நாள் 179 ரூபாய் விலைபோன பங்கு, அன்றே 40 ரூபாய்க்கு விழுந்தது. சேமிப்பைப் போட்ட எளியவன் தலையிலே இடி.

கணக்கைத் தணிக்கை செய்தது உலகப் புகழ் பெற்ற நிறுவனம். இயக்குநர் அவையிலே பேராசிரியர்கள், பெரும்படிப்பாளிகள். 2008 டிசம்பர் 16 அன்று, ராஜு குடும்பத்தாரின் 'மேடாஸ்' நிறுவனங்களைச் சத்தியத்தின் பணத்தில் வாங்கலாம் என்று தலையாட்டியதும் அதே அவைதான். (சத்தியம் என்பதன் ஆங்கில எழுத்துகளைத் தலைகீழாக்கினால் மேடாஸ். துணிச்சல்காரர்கள்தாம்!) பங்குதாரர்கள் கொதித்தெழவே அந்தப் பேரம் கைவிடப்பட்டது.

அடுத்த சில நாட்களில், உள்விவரம் அறிந்த ஒருவர் இயக்குநர் ஒருவருக்கு மின்னஞ்சல் விடுத்தார். கணக்கிலே புரட்டு என்றார். சொன்னது உண்மை, கையெழுத்தோ புனைபெயர்! ஏன் ஒளிந்தார்? உண்மை சொன்னால் ஊதியம் போகும், வேலை போகும் என்ற அச்சம் அன்றி வேறென்ன?

2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் பிறந்ததற்கு இந்தப் புரட்டும் ஒரு காரணம். தணிக்கை நிறுவனத்தைக் குறித்த காலத்துக்குப் பின் மாற்றியாக வேண்டும் என்றது; நல்லது. பங்குச் சந்தையில் இடம் பெற்ற நிறுவனங்களில் புகார் சொல்ல வழி வேண்டும் என்றது, அதுவும் நல்லது. ஆனால் அந்தப் புகார்ப் பெட்டியின் சாவி யாரிடம்? அதே நிறுவனத்தின் தணிக்கைக் குழுத் தலைவரிடம்! அவரும் அந்த அவையின் இயக்குநரே. 2014-இல் வந்த புகாராளர் பாதுகாப்புச் சட்டமோ அரசு ஊழியர் செய்யும் தவறுகளைப் பற்றியது. தனியார் கம்பெனிக் கணக்கெழுதுபவனுக்கு அது குடையாகாது.

தண்டனையைச் சொல்லவில்லையே என்பீர்கள். 2015 ஏப்ரலில் ராஜுவுக்கு 7 ஆண்டுச் சிறை என்றது தனி நீதிமன்றம். மே மாதமே தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டு, பிணையில் வெளியே வந்தார். திருகாணிக்காரனுக்கு இத்தனை விரைவிலே கதவு திறந்ததுண்டா?

புகார் நிறுவனத்துக்கு வெளியே உள்ள ஓர் அமைப்புக்குப் போகட்டும். சொன்னவனை வேலைநீக்கம் செய்தால், அது பழிவாங்கல் அல்லவென்று மெய்ப்பிக்கும் பொறுப்பு முதலாளியின் தலையில் ஏறட்டும். தணிக்கைக் குழுவிலே தொழிலாளர் தேர்ந்தெடுத்த ஒருவர் உட்காரட்டும். தொழிற்சங்கத் தோழர்களே, அடுத்த பேச்சுவார்த்தைக்குப் போகும்போது போனஸ் கோரிக்கையோடு இந்த மூன்றையும் சேர்த்து எழுதிக்கொண்டு போங்கள்.