ஓவர்கிளாக்குக்குத் தண்ணீர் எதற்கு?

உதிரிபாகங்களை வாங்கிக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போகிறவர்களிடம் ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது: பிராசசரைக் கொஞ்சம் ஓவர்கிளாக் செய்ய, அதாவது குறித்த வேகத்தைவிடக் கூட்டி ஓட்ட வேண்டுமானாலும், தண்ணீரால் குளிர்விக்கும் லிக்விட் கூலர் இல்லாமல் ஆகாது என்று. "நம்ம ஊரு சூட்டுக்குத் தண்ணிதான் தாங்கும்" என்று வெயிலையும் சாட்சிக்கு இழுப்பார்கள். அந்த ஒரு வரியில் பில் சில ஆயிரம் ரூபாய் ஏறிவிடும். மிதமான ஓவர்கிளாக்கைப் பொறுத்தவரை இது வெறும் மூடநம்பிக்கை. அதை உடைக்கப் பள்ளிக்கூடக் கணக்கே போதும்.

2022-இல் வந்த ரைசன் 5 5600-ஐ எடுத்துக்கொள்வோம். ஆறு கோர், உச்ச வேகம் 4.4 கிகாஹெர்ட்ஸ். 65 வாட் பிராசசர் என்று பெயர். முழு வேலையில் 76 வாட் வரை இழுத்துக்கொள்ளும். அதை 4.6-க்கு ஏற்றுவதாக வைத்துக்கொள்ளுங்கள். வேகத்தில் நாலரை சதவீதம் கூடுகிறது. அதற்காக வோல்டேஜை 5 சதவீதம் கூட்டலாம். சிப் எடுக்கும் மின்சாரம் வேகத்துக்கு நேர்விகிதத்திலும், வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பவும் உயரும். 1.045 பெருக்கல் 1.05 பெருக்கல் 1.05 என்றால் ஏறத்தாழ 1.15. ஆக 76 வாட், 88 வாட் ஆகிறது. கசிவு மின்சாரத்தையும் தாராளமாகச் சேர்த்து 100 வாட் என்றே வைப்போம். நான்கு ஹீட் பைப்பும் ஒரு 120 மி.மீ. ஃபேனும் உள்ள டீப்கூல் ஏகே400 போன்ற டவர் கூலருக்கு இது அன்றாட வேலை.

தண்ணீரின் மீதுதான் நம்பிக்கை என்றால், அது டவர் கூலருக்குள்ளும் இருக்கிறது. ஹீட் பைப் என்பது வெறும் செம்புக் கம்பி அல்ல. காற்றை வெளியேற்றிச் சில துளி நீரை உள்ளே விட்டு அடைத்த குழாய் அது. பிராசசரின் பக்கம் அந்த நீர் ஆவியாகும். மேலே தகடுகளின் பக்கம் குளிர்ந்து மீண்டும் நீராகும். குழாயின் உட்சுவரில் உள்ள நுண்துளைகள் வழியே கீழே திரும்பும். இதற்கு மோட்டார் இல்லை, கரண்ட் வேண்டாம். 1963-இல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் உருவாக்கியது, விண்கலங்களிலும் பயன்படுகிறது. லிக்விட் கூலரில் இதே வேலையைச் செய்ய ஒரு பம்ப் சுழல வேண்டும். பம்ப் நின்றால் குளிர்விப்பும் நின்றது. ரப்பர் குழாய் வழியே ஆண்டுக்கணக்கில் நீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து குறையும். பெரும்பாலானவற்றில் மறுபடி நிரப்பவும் வழி கிடையாது. டவர் கூலரில் கெட்டுப்போக இருப்பது ஃபேன் ஒன்றுதான். அதைச் சில நூறு ரூபாயில் மாற்றிவிடலாம்.

வெயில் வாதமும் நிற்காது. டவரோ லிக்விடோ, இந்த இரண்டு வகைக் கூலரும் தம்மைச் சுற்றியுள்ள காற்றைவிடச் சிப்பைக் குளிரச் செய்ய முடியாது. அறை 10 டிகிரி சூடேறினால் இரண்டு வகையிலும் சிப்பின் வெப்பம் ஏறத்தாழ அதே 10 டிகிரி ஏறும். தண்ணீர் சூடேறச் சற்று நேரம் எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். முதல் சில நிமிடங்கள் வெப்பநிலை அழகாகத் தெரிவதற்கு அதுவே காரணம். ஒரு மணி நேரம் கேம் ஆடினால் அந்தச் சலுகை தீர்ந்துவிடும். அப்புறம் பேசுவது நீரின் சூட்டைக் காற்றில் விடும் ரேடியேட்டரின் பரப்பும் காற்றோட்டமும்தான். ஒற்றை 120 மி.மீ. ரேடியேட்டரோடு வரும் மலிவு லிக்விட் கூலர், அதைவிடக் குறைந்த விலை டவர் கூலரைத் தாண்டுவதே அபூர்வம்.

இன்னொரு முட்டுக்கட்டை சிப்பிலேயே இருக்கிறது. 5600-இல் கோர்கள் அமைந்த சிலிக்கான் துண்டு சுமார் 81 சதுர மி.மீ.; சதுரமாக நினைத்துக்கொண்டால் ஒரு பக்கம் 9 மி.மீ. மொத்தச் சூட்டில் பெரும்பகுதி சட்டைப் பொத்தான் அளவுள்ள அந்த இடத்திலிருந்துதான் மேல்தகடு வழியாக வெளியேற வேண்டும். வாசலே குறுகலாக இருக்கும்போது வெளியே எவ்வளவு பெரிய ரேடியேட்டரை மாட்டினாலும் ஆதாயம் சில டிகிரிதான். அந்தச் சில டிகிரியால் கேமில் தெரியும்படி எதுவும் மாறாது.

லிக்விட் கூலருக்கே இடமில்லை என்று சொல்லவில்லை. 2013-இல் 220 வாட் ஏஎம்டி எஃப்எக்ஸ்-9590 வந்தபோது அதற்குத் தேவை இருந்தது. 253 வாட் வரை போகும் இன்டெல் கோர் ஐ9-14900கே-யை மணிக்கணக்கில் முழு வேகத்தில் ஓட்டுபவர் 360 மி.மீ. ரேடியேட்டர் வாங்கினால் அதில் நியாயம் உண்டு. அந்த நியாயத்தை 100 வாட் பிராசசர்காரரின் தலையில் கட்டுவதைத்தான் கண்டிக்கிறேன்.

காசை எங்கே போட வேண்டும்? முதலில் கேபினட். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடியால் அடைத்து, உள்ளே கலர் விளக்கு எரியும் கேபினட்டில் எந்தக் கூலரும் திணறும். வலை முகப்பு உள்ளதை வாங்குங்கள். டவர் கூலர் பொதுவாக 150 முதல் 160 மி.மீ. உயரம் இருக்கும், பக்கக் கதவு மூடுமா என்று அளந்து பாருங்கள். தெர்மல் பேஸ்ட் பட்டாணி அளவு போதும். தகடுகளில் படியும் தூசியை அவ்வப்போது பிரஷ் வைத்துத் தட்டிவிடுங்கள். ரைசன் 5000 வரிசையில் பயாஸில் உள்ள கர்வ் ஆப்டிமைசரைக் கொண்டு வோல்டேஜைக் குறைத்துப் பாருங்கள். சிஸ்டம் நிலையாக ஓடினால் வேகமும் கூடும், சூடும் குறையும். இதற்கு ஒரு பைசா செலவில்லை.

ஆகவே கடைக்காரர் லிக்விட் கூலரை எடுத்து நீட்டினால் ஒரே கேள்வி கேளுங்கள்: என் பிராசசர் எத்தனை வாட் இழுக்கும்? அதற்குப் பதில் வராதவரை பர்ஸைத் திறக்காதீர்கள்.