மூக்கு தேயாத மரப்பாச்சி!

கொலுவுக்கு இரண்டு மாசம் இருந்தபோது, சமூக வலைதளப் பக்கம் ஒன்றில் அந்த ஜோடியைப் பார்த்தேன். கன்னங்கரேல் என்று இரண்டு மரப்பாச்சிகள். 'நூறு வருஷப் பழசு, கடைசி ஜோடி' என்று போட்டிருந்தார்கள். விலை 3,800 ரூபாய். 'கடைசி' என்று யாராவது சொன்னாலே எனக்குக் கை பரபரக்கும். உடனே பணத்தை அனுப்பிவிட்டேன்.

பார்சல் வந்ததும் திருநெல்வேலிக்குத் தூக்கிக்கொண்டு போனேன், ஆச்சியிடம் காட்ட. 79 வயசு ஆச்சி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெண் பொம்மையைக் கையில் வாங்கினார். முதலில் மோந்து பார்த்தார்.

"ஏட்டி, இது பழசுன்னு எவன் சொன்னான்? பாலிஷ் வாசமே இன்னும் போகல."

அடுத்து மூக்கைத் தடவினார். "நூறு வருசம் புள்ளைங்க வச்சு விளையாடியிருந்தா மூக்கு இவ்வளவு கூராவா இருக்கும்?"

எனக்கு முகம் சுருங்கிப்போனது. 3,800 ரூபாய் போனதைவிட, பத்து நிமிஷத்தில் ஆச்சி கண்டுபிடித்ததை நான் யோசிக்கவே இல்லையே என்பதுதான் உறுத்தியது.

"உங்களோடது எங்கே ஆச்சி?" என்று கேட்டேன்.

ஆச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. வீடு மாறியபோது பரணைக் காலி செய்த மாமா, ஒரு சாக்கு நிறைய பழைய சாமான்களைத் தெருவில் வந்த வியாபாரியிடம் போட்டு, இரண்டு பிளாஸ்டிக் குடம் வாங்கினாராம். அந்தச் சாக்கோடு ஆண் மரப்பாச்சியும் போய்விட்டது. பூஜை அலமாரியில் இருந்ததால் பெண் மட்டும் தப்பியது.

அதை எடுத்து வந்து என் கையில் வைத்தார். சின்னதுதான், ஆனால் நல்ல கனம். செம்மரத்தின் வைரம் தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும், அவ்வளவு அடர்த்தி. மூக்கு ஏறக்குறைய இல்லை. துணி கட்டிக் கட்டி இடுப்பு வழவழவென்று இருந்தது. அடிப்பக்கம் மட்டும் ஒருபுறமாகச் சாய்ந்து தேய்ந்திருந்தது.

"எங்கம்மா திருப்பதியில வாங்கினது. என் கல்யாணத்துக்குச் சீராக் கொடுத்தா. சளி, காய்ச்சல்னா கல்லுல உரைச்சு பத்துப் போடுவோம். உங்கம்மாவுக்கும் இதைத்தான் உரைச்சேன்."

அந்தத் தேய்மானத்தில் என் அம்மாவும் இருக்கிறார்! 24 வருஷமாக அந்த அலமாரியைப் பார்க்கிறேன். ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை. (இன்றைக்கு பாலிஷ் பூசி வரும் பொம்மைகளை அப்படி உரைத்துவிடாதீர்கள்.)

வாங்கும் முன் கவனிங்க!

பழைய நாட்டுப்புறக் கலைப்பொருள்களைச் சேர்க்க ஆசையா? ஆச்சி பாடத்தோடு, நான் தெரிந்துகொண்ட சில விஷயங்கள்:

* கை படும் இடங்கள்தான் தேயும். உடம்பு முழுக்க ஒரே கறுப்பு, ஒரே பளபளப்பு என்றால் சந்தேகப்படுங்கள். அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அங்கே மரம் புதுசாகத் தெரிந்தால் கதை முடிந்தது.

* பழைய சாமிப் படம் என்றால் பூதக்கண்ணாடி எடுங்கள். இன்றைய ஆஃப்செட் அச்சில் புள்ளிகள் வரிசை தவறாமல் இருக்கும். பழைய கல் அச்சுப் படங்களில் அந்த ஒழுங்கு இருக்காது.

* 'எந்த வீட்டிலிருந்து வந்தது?' என்று கேளுங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு போல, பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கும் இடத்தில் ஒரு நாள் சுற்றினாலே கண் பழகிவிடும். கோயிலிலிருந்து வந்தது என்றால் தொடாதீர்கள். அய்யனாருக்கு நேர்ந்துவிட்ட மண்குதிரை உடைந்து கிடந்தாலும் அது ஊராரின் வேண்டுதல். நம் வீட்டு வரவேற்பறைக்கான அலங்காரம் அல்ல.

* 1972-ம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டப்படி, 100 வருஷத்துக்குக் குறையாத சிற்பம், ஓவியம், கைவினைப் பொருள் போன்றவை தொல்பொருள்கள். அவற்றை வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. சில வகைகளை வைத்திருந்தாலே பதிவு செய்ய வேண்டும். அதனால் 'நூறு வருஷம்' என்று சொல்பவரிடம் உரிமத்தைக் கேட்டுப் பாருங்கள். ஒன்று, உரிமம் வரும். இல்லை, வயசு குறையும்!

இது எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுப் பரணில் இருப்பதைக் கீழே இறக்குங்கள். பாட்டியையோ தாத்தாவையோ பக்கத்தில் உட்கார வைத்து, 'இது யாருடையது, எங்கே வாங்கினது?' என்று கேட்டு போனில் பதிவு செய்யுங்கள். யார் வீட்டுது என்று தெரியாத பொம்மை, எவ்வளவு பழசானாலும் கடைச்சரக்குதான். நான் ஆச்சி பேசியதை 40 நிமிஷம் பதிவு செய்து, ஒரு சீட்டில் சுருக்கமாக எழுதி, மரப்பாச்சியோடு துணிப்பையில் போட்டு வைத்திருக்கிறேன்.

கிளம்பும்போது, வாங்கி வந்த ஜோடியைத் திருப்பி அனுப்பலாமா என்று கேட்டேன். ஆச்சி அந்த ஆண் பொம்மையை எடுத்து, தன் மரப்பாச்சிக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

"இவ எத்தனை வருசமாத் தனியா நிக்கா. இருந்துட்டுப் போகட்டும். அவனும் ஒருநாள் பழசாயிருவான்."