மேல்நிலை இரண்டாம் ஆண்டு பிரெஞ்சு வகுப்பு: எங்கள் நிலைப்பாடு

புதுச்சேரி நகரப் பள்ளிகளில் பிளஸ் ஒன், பிளஸ் டூ வகுப்புகளுக்குப் பிரெஞ்சு கற்பிக்கிறவர்களும், கற்பித்து ஓய்வு பெற்றவர்களும் சேர்ந்த அமைப்பு எங்களுடையது. இரண்டாம் ஆண்டு முடியும்போது ஒரு மாணவரால் பிரெஞ்சில் என்ன செய்ய முடிய வேண்டும்? இந்தக் கேள்விக்குப் பெரும்பாலான பள்ளிகளும் பெற்றோரும் இன்று தரும் பதில் ஒரே சொல்: சென்டம். இந்தப் பதிலை நாங்கள் ஏற்கவில்லை. இரண்டு ஆண்டு படித்த பிள்ளை பிரெஞ்சைக் காதால் வாங்கி, வாயால் பதில் சொல்ல வேண்டும். கையில் கிடைக்கும் ஒரு பக்கத்தைப் படித்து விஷயத்தைப் பிடிக்க வேண்டும். ஒரு சிறு கடிதம் எழுத வேண்டும். இவை நான்கும் வந்தால்தான் வகுப்பு நடந்ததாகக் கணக்கு.

பிரெஞ்சு எப்படித் தேர்வாகிறது என்பது ஊரறிந்தது. பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை பிளஸ் ஒன் சேரும் நாளில் ‘பிரெஞ்சு எடு, மார்க் அள்ளலாம்’ என்று யாராவது சொல்கிறார்கள். அ, ஆவிலிருந்து தொடங்கும் பிள்ளைக்கு முதல் மாதமே நோட்ஸ் கொடுக்கப்படுகிறது. பாடத்தின் பின்னால் உள்ள கேள்விகளுக்கு விடை மனப்பாடம். பிரெஞ்சுப் பத்தியின் ஆங்கில மொழிபெயர்ப்பும் மனப்பாடம். இரண்டாம் ஆண்டு டிசம்பர் வந்துவிட்டால் மாதிரித் தேர்வு, திருப்புதல் தேர்வு, மறுபடி மாதிரித் தேர்வு. மார்ச்சில் நல்ல மதிப்பெண்ணோடு வெளியே வருகிறவரிடம் கடற்கரைச் சாலையில் ஒரு பிரெஞ்சுக்காரர் பாரதி பூங்காவுக்கு வழி கேட்டால் பதில் ஆங்கிலத்தில்தான் வருகிறது. இதற்காக எந்த மாணவரையும் குறை சொல்ல மாட்டோம். அவரிடம் யாரும் வேறு எதையும் எதிர்பார்க்கவில்லை.

வேறு ஊரில் இப்படி நடந்தால் வருத்தப்படலாம். புதுச்சேரியில் நடப்பதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. 1956 மே 28 அன்று இந்தியாவும் பிரான்சும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் 28ஆம் பிரிவு, மக்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் வேறு முடிவு எடுக்கும் வரை இந்தப் பகுதிகளில் பிரெஞ்சு ஆட்சிமொழியாக நீடிக்கும் என்றது. 1962 ஆகஸ்ட் 16 அன்று அந்த ஒப்பந்தம் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. 1826இல் தொடங்கிய லிசே பிரான்சே இன்றும் பிரான்சின் பாடத்திட்டத்தில் நடக்கிறது. அலியான்ஸ் பிரான்சேஸ் 1889 முதல் இங்கே இருக்கிறது. பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955 முதல் இருக்கிறது. நம் மாணவர்களின் வீடுகளிலேயே பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வூதியம் வாங்கிய சொல்தாக்களின் குடும்பங்கள் உண்டு. அத்தை, பெரியப்பா, அவர்கள் பிள்ளைகள் என்று பாரிஸ் புறநகர்களில் உறவு இல்லாத தெரு இந்த ஊரில் குறைவு. இந்த மொழி கேட்கவும் பேசவும் கிடைக்கும் ஊரில் அதை வெறும் எழுத்துப் பாடமாக நடத்துவது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம்.

நாங்கள் கேட்கும் அளவு ஆகாயத்தில் இல்லை. 2001இல் ஐரோப்பிய மன்றம் வெளியிட்ட மொழித்திறன் வரையறையில் ஏ1, ஏ2, பி1 என்று படிகள் உண்டு. பிளஸ் டூ முடிவில் ஏ2 என்பதே எங்கள் இலக்கு. ஏ2 எட்ட மொத்தம் 160 முதல் 200 மணி நேரக் கற்பித்தல் தேவை என்பது பிரெஞ்சு கற்பிக்கும் நிறுவனங்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. வாரத்துக்கு நான்கு பாடவேளை, ஒவ்வொன்றும் 45 நிமிடம் என்றால் வாரத்துக்கு மூன்று மணி நேரம். ஆண்டுக்கு 30 வாரம் உருப்படியாக நடந்தால் இரண்டு ஆண்டில் 180 மணி நேரம். போதும். ஆனால் இரண்டாம் ஆண்டின் கடைசி மூன்று, நான்கு மாதங்களைத் தேர்வு ஒத்திகை விழுங்கினால் போதாது. ஆகவே பள்ளிகளிடம் எங்கள் முதல் கோரிக்கை: பிப்ரவரி வரை பிரெஞ்சுப் பாடவேளையில் பிரெஞ்சு நடக்கட்டும்.

இந்த 180 மணி நேரத்தின் பலனாக நாங்கள் எதிர்பார்ப்பதை இந்த ஊரை வைத்தே சொல்கிறோம். மாணவர் தன் தெரு, தன் குடும்பம், நேற்று நடந்தது, சின்ன வயதில் இருந்த பழக்கம், அடுத்த ஆண்டு செய்யப்போவது ஆகியவற்றைத் தாளைப் பார்க்காமல் இரண்டு நிமிடம் பேச வேண்டும். தவறு வரட்டும், பேச்சு நிற்கக் கூடாது. கோடை விடுமுறைக்கு ஊர் வரும் பாரிஸ் வீட்டுப் பிள்ளைக்குத் தமிழ் சரளமாக வராது. அந்தப் பிள்ளைக்கும் இங்கிருக்கும் பாட்டிக்கும் இடையில் உட்கார்ந்து பேச்சை இருபுறமும் கடத்தித் தர நம் மாணவரால் முடிய வேண்டும். அறுபது சொல் அளவில் ஒரு அழைப்பு, ஒரு நன்றிக் கடிதம் எழுத வேண்டும்.

படிப்பதில் எங்களுக்கு ஒரு தனி ஆசை உண்டு. இந்த நகரத்தின் பழைய பிறப்பு, திருமணப் பதிவுகளும் சொத்துப் பத்திரங்களும் பிரெஞ்சில் இருக்கின்றன. சிவில் பதிவேட்டில் நாள், மாதம், ஆண்டு, மணி எல்லாம் எண்ணால் இல்லாமல் எழுத்தால் எழுதப்பட்டிருக்கும். தாத்தாவின் பிறப்புப் பதிவைக் கையில் வைத்துக்கொண்டு, பிறந்தது யார், எந்த நாள், எந்த ஊர், சாட்சி யார் என்று சொல்ல இரண்டாம் ஆண்டு மாணவரால் முடியும். அதற்கு எண்களை எழுத்தில் படிக்கத் தெரிய வேண்டும். எண்பதை ‘நான்கு இருபது’ என்றும் தொண்ணூறை ‘நான்கு இருபது பத்து’ என்றும் சொல்லும் பிரெஞ்சு எண்முறை அப்போது தேர்வுக்கான தொல்லையாக இல்லாமல் குடும்பத்துக்கு உதவும் அறிவாகிறது. ஒருமுறை ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஒரு பழைய தாளின் நகலை வகுப்புக்குக் கொண்டுவந்து படிக்கட்டும். பத்திரத்தின் சட்ட நுணுக்கத்துக்கு வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள், அது எங்கள் வேலை இல்லை.

இனி, நாங்கள் மிக அழுத்தமாகச் சொல்ல விரும்புவது. பிரெஞ்சைத் தமிழ் வழியாகக் கற்பிக்க வேண்டும். இப்போது பல வகுப்புகளில் விளக்கம் ஆங்கிலத்தில், பொருள் ஆங்கிலத்தில், மொழிபெயர்ப்பும் ஆங்கிலத்தில். தமிழ்ப் பிள்ளைக்கு இது தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் வேலை. பிரெஞ்சின் பல கூறுகள் ஆங்கிலத்தை விடத் தமிழுக்கே நெருக்கம். நெருங்கியவரிடம் ஒரு முன்னிலை, மரியாதைக்கு ஒரு முன்னிலை என்று பிரெஞ்சில் உள்ளதை விளக்க ஆங்கிலத்தில் ஒரு பத்தி வேண்டும். தமிழில் நீ, நீங்கள் என்றால் முடிந்தது. வந்தேன், வந்தாய், வந்தார்கள் என்று ஆளுக்கு ஏற்ப வினை முடிவதைப் பிறவியிலேயே அறிந்த பிள்ளைக்கு, பிரெஞ்சு வினை ஆளுக்கு ஆள் மாறுவது புதுமையே இல்லை. ‘நான் அவனைப் பார்க்கிறேன்’ என்பதில் ‘அவனை’ வினைக்கு முன்னால் நிற்கிறது. பிரெஞ்சிலும் அந்தப் பதிலிப்பெயர் வினைக்கு முன்னால்தான் நிற்கும். ஆங்கில வரிசையை மனதில் வைத்து எழுதும் மாணவர்தான் அதைப் பின்னால் கொண்டுபோய் வைத்துத் தவறு செய்கிறார்.

உச்சரிப்பிலும் இதே கதை. ஆங்கிலத்தில் சொல்லின் முதலில் வரும் ப், க் ஒலிகளோடு ஒரு மூச்சு வெளிப்படும். பிரெஞ்சில் அது இல்லை, தமிழிலும் இல்லை. பிரெஞ்சின் t, d ஒலிகள் பல்லில் நாக்குப் படும் ஒலிகள். நம் ‘தம்பி’யைச் சொல்லும் நாக்கு அங்கே சரியாகப் போய் நிற்கும். மூக்கொலி உயிர்களுக்குப் பிள்ளைகள் பயப்படுகிறார்கள். ‘மரம்’, ‘வந்தான்’ என்ற சொற்களைப் பேச்சில் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். கடைசி மெய் மறைந்து உயிர் மூக்கில் ஒலிப்பதை அவர்களே கேட்பார்கள். கடினமானவையும் உண்டு. ‘ஊ’வுக்குக் குவிக்கும் உதட்டோடு ‘ஈ’ சொன்னால் வரும் அந்த உயிர், தொண்டையில் உரசும் ர், உயிரற்ற பொருள்களின் பெயர்களுக்கும் ஆண்பால், பெண்பால் என்ற கட்டாயம் ஆகியவற்றுக்குத் தமிழில் துணை இல்லை. நேரத்தை அங்கே செலவிடுவோம்.

பாடத்திட்டத்தில் குறைக்க வேண்டியதும் இருக்கிறது. நிகழ்காலம், இரண்டு இறந்தகாலங்கள், எதிர்காலம், பதிலிப்பெயர்கள், எதிர்மறை, கேள்வி வாக்கியம் ஆகியவை இரண்டு ஆண்டில் கைவசமாக வேண்டும். இறந்தகாலம் இரண்டையும் பிரித்தறிவதே இரண்டாம் ஆண்டின் மையம். ‘நேற்றுக் கடற்கரைக்குப் போனேன்’ என்பது ஒன்று. ‘சின்ன வயதில் தினமும் கடற்கரைக்குப் போவோம்’ என்பது இன்னொன்று. இந்த வேறுபாடு தமிழ்ப் பேச்சில் இருப்பதால் அதைச் சுட்டிக்காட்டினால் போதும், விதி பிறகு வரட்டும். சப்ஜோன்க்தீஃப் என்ற வினைவடிவம், செயப்பாட்டுவினை மாற்றம், நேர்கூற்றை அயற்கூற்றாக்கும் பயிற்சி ஆகியவற்றைப் பார்த்தால் அடையாளம் தெரிந்தால் போதும். பக்கம் பக்கமாகப் பயிற்சி வேண்டாம்.

வாசிப்புக்குப் பாடநூலோடு சேர்த்து இரண்டு நூல்களைப் பரிந்துரைக்கிறோம். செந்த் எக்சுபெரியின் ‘குட்டி இளவரசன்’ தமிழில் ச. மதனகல்யாணி, வெ. ஸ்ரீராம் மொழிபெயர்ப்பில் க்ரியா வெளியீடாக 1981இல் வந்தது. பிரெஞ்சு மூலத்தின் சில அத்தியாயங்களைத் தமிழ்ப் பிரதியோடு பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். ஆல்பெர் காம்யுவின் ‘அந்நியன்’ நாவலின் தொடக்கப் பக்கங்களையும் முயலலாம். அந்த நாவல் பெரும்பாலும் பேச்சில் வழங்கும் இறந்தகாலத்தில் எழுதப்பட்டது என்பதால் இரண்டாம் ஆண்டு மாணவருக்கு எட்டும்.

தேர்வு மாறாமல் வகுப்பு மாறாது. மாநிலப் பாடத்திட்டத்தில் மொழிப்பாடத்துக்கு எழுத்துத் தேர்வு 90, அக மதிப்பீடு 10. சி.பி.எஸ்.இ.யில் எழுத்து 80, அக மதிப்பீடு 20. நகரின் அரசுப் பள்ளிகள் அண்மை ஆண்டுகளில் சி.பி.எஸ்.இ.க்கு மாறிவிட்ட நிலையில் அந்த இருபதில் பேச்சுக்கும் கேட்டலுக்கும் உண்மையான இடம் தர வழி இருக்கிறது. அதை வருகைப்பதிவுக்கும் ஒப்படைப்புக்குமான இனாமாகப் பள்ளிகள் மாற்றிவிடக் கூடாது. பிரான்ஸ் நடத்தும் டெல்ஃப் தேர்வில் கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் ஒவ்வொன்றுக்கும் 25 மதிப்பெண். மொத்தம் 50 எடுத்தாலும் எந்த ஒன்றிலும் 5க்குக் கீழ் போனால் தேர்ச்சி இல்லை. ஊமையாக இருந்து அதில் தேற முடியாது. பள்ளித் தேர்விலும் அந்த நியாயம் வர வேண்டும் என்கிறோம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு டெல்ஃப் ஏ2 தேர்வுக் கட்டணத்தைப் புதுச்சேரி அரசு ஏற்க வேண்டும் என்றும் கேட்கிறோம். லிசேயில் இடம் கிடைத்தவர்களுக்கும் தனியாகக் கட்டணம் செலுத்திப் படிக்க வசதி உள்ளவர்களுக்கும் மட்டும் பேச்சுப் பிரெஞ்சு, மற்றவர்களுக்கு மனப்பாடப் பிரெஞ்சு என்ற பிளவை இந்த ஊர் நீண்ட காலமாகச் சகித்திருக்கிறது.

தமிழைப் பற்றியும் ஒளிக்காமல் பேச வேண்டும். மாநிலப் பாடத்திட்டத்தில் முதல் மொழி இடத்தில் தமிழ் அல்லது பிரெஞ்சு என்ற ஏற்பாடு இருப்பதால், பிரெஞ்சு எடுத்த பிள்ளை பதினைந்து வயதில் தமிழ்ப் பாடத்தை விட்டுவிடுகிறார். பிரெஞ்சு ஆசிரியர்களாகிய நாங்கள் இதனால் ஆதாயம் அடைகிறோம், எங்கள் வகுப்புகள் நிரம்புகின்றன. இருந்தும் சொல்கிறோம், இது தவறு. 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை, பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் துபாஷியாக இருந்துகொண்டு தமிழில்தான் எழுதினார். பாரதிதாசன் 1909 முதல் 1946 வரை பிரெஞ்சு அரசின் பள்ளிகளில் தமிழாசிரியராக இருந்தார். பிரெஞ்சு ஆட்சியிலேயே இரண்டும் ஒரே வளாகத்தில் இருந்தன. இன்று ஒன்றுக்காக மற்றொன்றை விடச் சொல்ல என்ன நியாயம்? சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் தமிழையும் பிரெஞ்சையும் சேர்த்துப் படிக்கக் கூடுதல் பாட வாய்ப்பை மாணவர்களுக்குத் தெரியப்படுத்த வேண்டும். மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளில் பிரெஞ்சு எடுத்தவர்களுக்கு வாரத்தில் இரண்டு பாடவேளை மதிப்பெண் இல்லாத தமிழ் வாசிப்பு வேண்டும். அதற்குப் பிரெஞ்சுப் பாடவேளையில் ஒன்றைக் குறைத்துத் தர நேர்ந்தாலும் எங்களுக்குச் சம்மதம்.

மாணவர்களிடம் நாங்கள் கேட்பவை மூன்றே. தினமும் கால்மணி நேரம் வாய்விட்டுப் படிக்க வேண்டும். வகுப்பில் முதலில் பிரெஞ்சில் முயன்ற பிறகே வேறு மொழிக்குப் போக வேண்டும். அடுத்தவர் தடுமாறும்போது சிரிக்கக் கூடாது. இந்த மூன்றாவதை நாங்கள் மிகக் கண்டிப்பாகக் கடைப்பிடிப்போம், ஏனென்றால் ஒரு சிரிப்பில் வாய் மூடிய பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறோம். பெற்றோரிடம் ஒன்று: சென்டத்துக்கு உத்தரவாதம் தரும் டியூஷனுக்கு அனுப்பும் முன், பிள்ளையை ஐந்து நிமிடம் பிரெஞ்சில் பேசச் சொல்லிக் கேளுங்கள். புரியாவிட்டாலும் பேச்சு ஓடுகிறதா நிற்கிறதா என்பது காதுக்குத் தெரியும்.

ஆசிரியர்களுக்கு விலக்கு இல்லை. இரண்டாம் ஆண்டு வகுப்பில் பாதி நேரமாவது ஆசிரியர் பிரெஞ்சில் பேச வேண்டும். விளக்கம் தேவைப்படும் இடத்தில் தமிழுக்கு வர வேண்டும். பேசப் பயிற்சி இல்லாதவரைப் பிரெஞ்சு வகுப்புக்கு அனுப்பும் பள்ளி, அந்தப் பாடத்தைத் தொடங்காமல் இருப்பது நல்லது.

வரும் கல்வியாண்டுக்கு எங்கள் பங்காக மூன்று வேலைகளை எடுத்துக்கொள்கிறோம். தமிழ் வழியாகப் பிரெஞ்சு ஒலிகளையும் இலக்கணத்தையும் விளக்கும் கையேடு ஒன்றை எழுதி, எந்தப் பள்ளியும் நகலெடுத்துக்கொள்ளும்படி தருவோம். கேட்டல் பயிற்சிக்கு இந்த ஊரில் பிரெஞ்சு பேசும் முதியவர்களின் குரலை அவர்கள் ஒப்புதலோடு பதிவு செய்வோம். ஜனவரியில், பள்ளி வேறுபாடு பார்க்காமல், விரும்பும் எல்லா பிளஸ் டூ மாணவர்களுக்கும் கட்டணம் இல்லாமல் பேச்சுத் தேர்வு நடத்துவோம். முடிவைத் தனித்தனியே மாணவரிடம் மட்டும் தருவோம். பள்ளிவாரிப் பட்டியல் வெளியிட மாட்டோம்.