பூனை வாய் வைத்த தண்ணீர்



பூனையைப் பற்றி இந்தப் பகுதியில் எழுத வேண்டிவரும் என்று நாம் நினைத்திருக்கவில்லை. ஆனால் வந்திருக்கும் கடிதங்கள் எழுதச் சொல்கின்றன. ஒளுச் செய்யச் செம்பில் எடுத்து வைத்த தண்ணீரில் பூனை வாய் வைத்துவிட்டது, அதைக் கொட்டிவிட வேண்டுமா என்று ஒரு சகோதரி கேட்கிறார். தனிக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்தும் அதைத் திரும்பிப் பாராமல், குழாயடி வாளியிலும் பிள்ளைகளின் தம்ளரிலுமே குடிக்கிறது என்று மற்றொருவர் குறைப்படுகிறார். பன்னிரண்டு ஆண்டுகளாக வீட்டில் இருக்கும் பூனை அண்மைக் காலமாக ஓயாமல் தண்ணீர் குடிக்கிறது, கோடைதான் காரணமோ என்று மூன்றாமவர் வினவுகிறார். பார்வைக்கு மூன்றும் ஒரே பொருளைப் பற்றியவை. ஆயினும் முதலாவது மார்க்கச் சட்டம், இரண்டாவது பூனையின் இயல்பு, மூன்றாவது மருத்துவம். மூன்றாவதில்தான் ஓர் உயிர் அடங்கியிருக்கிறது.

முதல் கேள்விக்கு நம் முன்னோர் தெளிவான விடையை வைத்துச் சென்றிருக்கிறார்கள். நபித்தோழர் அபூகதாதா (ரலி) அவர்களுக்கு, அவர்களுடைய மருமகள் கப்ஷா அவர்கள் ஒளுவுக்குத் தண்ணீர் ஊற்றி வைக்கிறார்கள். அவ்வேளையில் ஒரு பூனை குடிக்க வருகிறது. அபூகதாதா (ரலி) அவர்கள் அதை விரட்டவில்லை. அது எளிதாகக் குடிப்பதற்காகப் பாத்திரத்தையே சாய்த்துக் கொடுக்கிறார்கள். மருமகள் வியப்போடு நோக்குவதைக் கண்டு, பூனை அசுத்தமானதன்று, அது உங்களைச் சுற்றிச்சுற்றி வருகின்றவற்றுள் ஒன்று என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதை எடுத்துரைக்கிறார்கள். முவத்தா, அபூதாவூத், திர்மிதீ முதலிய நூல்களில் இடம்பெற்றிருக்கும் செய்தி இது.

இதை அடிப்படையாகக் கொண்டு ஷாஃபிஈ மத்ஹபில் பூனை குடித்து மிஞ்சிய நீர் தூய்மையானது என்றே கொள்ளப்படுகிறது. ஹனஃபி மத்ஹபிலோ, வேறு தண்ணீர் இருக்கையில் இதைக் கொண்டு ஒளுச் செய்வது சிறிய அளவில் மக்ரூஹ் என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து. அவர்களுடைய மாணவர் அபூயூசுஃப் (ரஹ்) அவர்கள் அந்தக் குறையையும் காணவில்லை. எலியைத் தின்ற இரத்த வாயோடு அப்போதே வந்து குடித்ததைக் கண்ணால் பார்த்திருந்தால் அந்தத் தண்ணீரைத் தவிர்த்துவிடலாம். மற்றபடி, கோடையில் மூன்று தெரு நடந்து சுமந்து வந்த குடத்தைப் பூனை நாக்கு நனைத்தது என்பதற்காகக் கவிழ்த்துவிட வேண்டிய தேவையே இல்லை.

ஆனால் ஒளுவுக்கு ஆகும் என்பதால் குழந்தைக்குக் குடிக்கக் கொடுக்கலாம் என்று பொருள் கொண்டுவிடாதீர்கள். தூய்மை பற்றிய சட்டம் வேறு. நலம் பற்றிய கவனம் வேறு. பூனையின் வாயில் இயல்பாகவே நுண்கிருமிகள் வாழ்கின்றன. கைக்குழந்தை, முதியவர், நோயாளி ஆகியோர் அருந்தும் தண்ணீரில் அது வாய் வைத்திருந்தால் அதைச் செடிக்கு ஊற்றிவிட்டுப் பாத்திரத்தைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். பாத்திரங்களை மூடி வைக்கும்படியும் நபிமொழி நமக்குக் கட்டளையிட்டிருக்கிறதே! ஒரு மூடி போட்டிருந்தால் இந்தக் கேள்விக்கே இடமிருந்திராது.

இனிப் பூனையின் இயல்புக்கு வருவோம். நம் வீட்டுப் பூனையின் மூதாதை, மேற்கு ஆசியாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் வறண்ட நிலங்களில் திரியும் காட்டுப் பூனை. 2007-ஆம் ஆண்டில் வெளியான மரபணு ஆய்வு இதை உறுதிப்படுத்தியது. நீர்நிலை அரிதான நிலத்தில் அதன் குடிநீர் பெரும்பாலும் இரையிலேயே இருந்தது. எலி, பறவை ஆகியவற்றின் உடலில் ஏறத்தாழ 70 விழுக்காடு நீர்தான். கிடைத்த நீரை வீணாக்காமல் சிறுநீரை மிகவும் செறிவாக்கி வெளியேற்றும் சிறுநீரகமும் அதற்கு வாய்த்தது. பூனையின் சிறுநீர் அத்தனை நாற்றம் வீசுவதற்கு இந்தச் செறிவும் ஒரு காரணம். ஆகவே, தண்ணீர்க் கிண்ணத்தை நாடி ஓடும் பழக்கம் நாயிடம் இருப்பதுபோல் பூனையிடம் இராது. தாகத்தை உணர்வதிலும் அது சற்று மந்தமே.

உணவையும் தண்ணீரையும் சேர்த்து, ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 மில்லி லிட்டர் நீர் பூனைக்குப் போதுமானது. நான்கு கிலோ பூனைக்கு 200 மில்லி. அதாவது ஒரு தம்ளர். மீனும் சோறும் உண்ணும் பூனைக்கு இதில் பெரும்பகுதி உணவிலேயே கிடைத்துவிடும். ஆகவே காயல்பட்டினத்திலோ கீழக்கரையிலோ மீன் துண்டுகளைத் தின்று வளரும் பூனை தண்ணீரைத் தொடவே இல்லை என்று யாரும் அஞ்ச வேண்டியதில்லை. கடையில் பொட்டலமாக விற்கும் உலர்ந்த தீனியின் கதை வேறு. அதில் நீர் 10 விழுக்காடு அளவுதான் இருக்கும். அதை மட்டுமே உண்ணும் பூனை தன் தேவையைக் குடித்தே ஈடுகட்ட வேண்டும். பல பூனைகள் முழுமையாக ஈடுகட்டுவதில்லை. உப்பும் வெங்காயமும் பூண்டும் சேர்க்காமல் மீனை வேகவைத்த நீரைச் சோற்றில் ஊற்றிக் கொடுப்பது இதற்கு நல்ல வழி. மீன் ஆணத்தை ஊற்றிவிடாதீர்கள். வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக் கூடியவை.

பால் கொடுத்தால் போதாதா என்பீர்கள். பூனை என்றதும் பால் என்பது நம் மனத்தில் ஊறிய எண்ணம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலிலுள்ள சர்க்கரை செரிப்பதில்லை. வயிற்றுப்போக்கு உண்டாகி, உடலிலிருக்கும் நீரும் போய்விடும். தண்ணீருக்குப் பதில் பால் ஆகாது.

அது குடிக்கும் விதமே ஒரு விந்தை. பூனையால் நம்மைப்போல் உறிஞ்ச முடியாது. நாயைப்போல் நாக்கை அகப்பையாக்கி அள்ளுவதும் இல்லை. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஓர் அறிஞர் தம் வீட்டுப் பூனை குடிப்பதை உற்று நோக்கியதில் தொடங்கிய ஆய்வொன்று 2010-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நாக்கின் நுனியைப் பின்புறமாக வளைத்து நீரின் மேற்பரப்பைத் தொட்டும் தொடாமலும் பூனை மின்னலென மேலே இழுக்கிறது. நாக்கோடு ஒட்டி நீர் ஒரு மெல்லிய தூணாக எழுகிறது. புவியீர்ப்பு அதைக் கீழே இழுத்துவிடும் முன் பூனை வாயை மூடிக்கொள்கிறது. ஒரு நொடிக்கு ஏறத்தாழ நான்கு முறை இவ்வாறு நிகழ்கிறது. ஒவ்வொரு முறையும் கிடைப்பது மில்லி லிட்டரில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதல்தான். ஒரு தேக்கரண்டித் தண்ணீருக்கு அது நாற்பது முறை நாக்கை நீட்டியாக வேண்டும்! சுப்ஹானல்லாஹ்! சிங்கமும் புலியும் இதே முறையில்தான் குடிக்கின்றன. ஆனால் இன்னும் மெதுவாக.

இவ்வளவு நுட்பமாக நீர்ப்பரப்பைத் தொட வேண்டியிருக்கும் பூனைக்கு, முகத்துக்கு மிக அருகில் இருப்பவை தெளிவாகத் தெரிவதில்லை. கிண்ணத்தில் அசையாமல் கிடக்கும் நீரின் மட்டம் எங்கே தொடங்குகிறது என்பது அதற்குப் புலப்படாது. எனவேதான் சில பூனைகள் முன்னங்காலால் தண்ணீரைத் தட்டிப் பார்க்கின்றன. சில காலை நனைத்து நக்கிக்கொள்கின்றன. சில குழாயில் சொட்டும் நீருக்குத் தவம் கிடக்கின்றன. இதைக் குறும்பு என்று அடிப்பதும், தண்ணீரை வாரி மேலே ஊற்றுவதும் நம்மில் சிலரிடம் உள்ள வழக்கம். அது தவறு, அவ்வாறு செய்தால் பூனை தண்ணீரையே நெருங்காது.

தனிக் கிண்ணத்தை விட்டுத் தம்ளருக்குப் போவதேன் என்று கேட்ட சகோதரி தம் வீட்டுக் கிண்ணத்தை ஒரு முறை முகர்ந்து பார்க்கட்டும். நேற்றைய தண்ணீர், அடியில் வழவழப்பு, பிளாஸ்டிக் வாடை, பக்கத்திலேயே மீன் முள். தம்ளரிலோ சற்று முன் ஊற்றிய குளிர்ந்த நீர், விளிம்பு வரை. யார்தான் தம்ளரை விரும்பமாட்டார்? அகன்ற மண் சட்டியோ பீங்கான் தட்டோ வைத்து விளிம்பு வரை நிரப்புங்கள். மண் சட்டி வெயிலிலும் நீரைக் குளிர்ச்சியாக வைத்திருக்கும். தீனி வைக்கும் இடத்திலிருந்தும், அது மலம் கழிக்கும் மணல் தட்டிலிருந்தும் தள்ளி, வீட்டில் இரண்டு மூன்று இடங்களில் வையுங்கள். தினமும் தேய்த்துக் கழுவி மாற்றுங்கள். மாற்றாத கிண்ணத்தில் கொசுப்புழு வளரும். டெங்குவைப் பரப்பும் கொசு தெளிந்த நீரில்தான் முட்டையிடுகிறது. இவ்வளவு செய்தும் தம்ளரையே நாடினால், அதற்கென்று ஒரு தம்ளரை ஒதுக்கிக் கொடுத்துவிடுங்கள். அந்தப் பிடிவாதத்தில் நாம் தோற்பதால் ஒன்றும் குறைந்துவிடாது.

குளியலறை வாளியில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பினாயில், டெட்டால் கலந்த தண்ணீர் பூனைக்கு நஞ்சு. நம் உடல் அந்த மருந்துப் பொருள்களை மாற்றி வெளியேற்றிவிடும். பூனையின் ஈரலுக்கு அந்த ஆற்றல் மிகக் குறைவு. குடிக்காவிட்டாலும், ஈரத் தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கினால்கூடத் தீங்குதான். கழுவிய தரையை நல்ல தண்ணீரால் மறுபடி அலசி, காய்ந்த பிறகே பூனையை உள்ளே விடுங்கள். ஆழமான தொட்டிகளுக்கு மூடி இடுங்கள். குட்டி விழுந்தால் வழுக்கும் சுவரில் ஏறி வர முடியாது.

நோன்பு மாதத்தில் இன்னொரு மறதி நேர்ந்துவிடுகிறது. பகலில் அடுக்களை அடங்கிக் கிடக்கும். தண்ணீர்ப் பாத்திரங்கள் கவிழ்ந்திருக்கும். நமக்கு நோன்பு, பூனைக்கு நோன்பு இல்லை. ஸஹர் நேரத்தில் எழும்போதே அதன் சட்டியை நிரப்பிவிடுங்கள். திருமணத்துக்கென்று நான்கு நாள் வீட்டைப் பூட்டிச் செல்வோரும் அண்டை வீட்டாரிடம் சொல்லிச் செல்ல வேண்டும். பூனையை அடைத்து வைத்து, உணவும் நீரும் கொடாமல் சாகவிட்ட பெண்ணுக்கு நேர்ந்த முடிவைக் கூறும் நபிமொழி புகாரீயிலும் முஸ்லிமிலும் இருக்கிறது.

இப்போது மூன்றாவது கடிதம். பன்னிரண்டு வயதுப் பூனை திடீரென மிகுதியாகக் குடிக்கிறது என்றால் அதைக் கோடையின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல் நாள்தோறும் குடிக்குமானால் அது நோயின் அறிகுறி. முதிய பூனைகளிடம் சிறுநீரகம் மெல்லச் செயலிழப்பது மிகப் பரவலான ஒன்று. நீரிழிவும், தைராய்டுச் சுரப்பி மிகுவதும் மற்றக் காரணங்கள். நன்றாகத் தின்றும் உடல் மெலிகிறதா, மணல் தட்டில் ஈரக் கட்டிகள் பெரிதாகின்றனவா என்று பாருங்கள். வீட்டை நனைக்கிறதே என்று தண்ணீரை ஒளித்து வைப்போர் உண்டு. அது கொடிய தவறு. சிறுநீரகம் பழுதுபட்ட பூனை நீரைத் தேக்கி வைக்க இயலாமல் இழந்துகொண்டிருக்கிறது. இழந்ததை ஈடுசெய்யவே குடிக்கிறது. கிண்ணத்தை எடுத்துவிட்டால் சில நாட்களில் அது படுத்துவிடும்.

இதைவிட அவசரமானது கடுவனுக்கு வரும் சிறுநீர் அடைப்பு. அதன் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகியது. மணல் தட்டில் அடிக்கடி உட்கார்ந்து முக்கும், ஒரு சொட்டு வரும், அல்லது அதுவும் வராது, கத்தும், அந்த இடத்தையே நக்கும். மலச்சிக்கல் என்று எண்ணி விளக்கெண்ணெய் ஊற்றுவார்கள். ஓரிரு நாட்களுக்குள் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிடும். இரவானாலும் மறுநாளுக்குத் தள்ளாதீர்கள். தண்ணீர் மேலும் குடிக்க வைத்தால் கரைந்துவிடும் என்று நம்பி வாயில் ஊற்றவும் வேண்டாம். அடைப்பை மருத்துவர்தான் குழாய் செலுத்தி நீக்க வேண்டும்.

குடிக்க விரும்பியும் இயலாமல் எச்சில் ஒழுகி, தாடை தொங்கி நிற்கும் பூனையின் வாய்க்குள் விரலை விடாதீர்கள். பல் நோயாக இருக்கலாம், வெறிநோயாகவும் இருக்கலாம். கடித்தாலும் பிறாண்டினாலும் ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைய தினமே மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.

எழுதிக் கேட்ட சகோதரி இன்றே ஒரு காரியத்தைத் தொடங்கலாம். இருமல் மருந்துக் குப்பியோடு வரும் அளவு மூடியால் அளந்து, காலையில் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றுங்கள். அதே அளவான மற்றொரு கிண்ணத்தை அதே அளவு நீரோடு, பூனை எட்டாத இடத்தில் வையுங்கள். மறுநாள் காலை இரண்டிலும் மிஞ்சியதை அளந்தால், வெயிலில் வற்றியது எவ்வளவு, குடித்தது எவ்வளவு என்று தெரிந்துவிடும். மற்றத் தண்ணீர்ப் பாத்திரங்களை அந்த நாட்களில் மூடிவிட வேண்டும். மூன்று நாள் கணக்கையும், பூனையின் எடையையும், அது உண்ணும் உணவையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு அருகிலுள்ள கால்நடை மருத்துவமனைக்குச் செல்லுங்கள். சென்னை வேப்பேரியிலும், நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய ஊர்களிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. இரத்தத்தையும் சிறுநீரையும் சோதித்துச் சொல்லும்படி கேளுங்கள். போகும் வழியிலும் கூடைக்குள் ஒரு சிறு கிண்ணத்தில் தண்ணீர் இருக்கட்டும்.