அணுவின் மாதிரியும் மாணாக்கரும்

அணுக்கள் துள்ளித் திரிவதைக் கணினித் திரையிற் காணும் மாணாக்கர் பலர், அணுவையே கண்டுவிட்டதாக மகிழ்கின்றனர். அவர் கண்டது அணுவன்று. பிறரெழுதிய சூத்திரங்களின் நிழலேயாம். அவற்றைத் தாமே எழுதிப் பார்த்தாலன்றி மெய்யும் பொய்யும் விளங்கா என்பது எமது துணிபு.

தேனாம்பேட்டைக்குத் தெற்கே, கிண்டியில், சென்னைச் சர்வகலாசாலையின் ஜி. என். இராமச்சந்திரனும் அவர்தம் துணைவரும் புரதச் சங்கிலியின் அணுக்களைத் திண்ணிய உருண்டைகளாகக் கொண்டு, அச்சங்கிலி எக்கோணங்களில் திரும்பக்கூடும் என்று கணக்கிட்டு 1963-இல் வெளியிட்டனர். எளிய அனுமானந்தான், எனினும் அவ்வரைபடம் இன்றும் புரத அமைப்புகளைச் சோதிக்கும் உரைகல்லாக நிற்கின்றது.

மறு ஆண்டே, ஹைதராபாத்திற் பிறந்த அனீசுர் ரஹ்மான், அமெரிக்காவிலுள்ள ஆர்கோன் ஆய்வுக்கூடத்தில் 864 ஆர்கான் அணுக்களைக் (பெயரொற்றுமை தற்செயலே) கணினியில் இயக்கினார். வினாடியை நூறு இலட்சம் கோடிக் கூறாக்கி, கூறுதோறும் ஒவ்வோரணுவின் மீதும் பிற அணுக்கள் செலுத்தும் விசையைக் கணித்து, நியூட்டன் விதிப்படி அதனை நகர்த்தினார். அவ்வணுக்கள் பரவிய வேகம் சோதனையிற் கண்டதற்கு அணித்தாகவே அமைந்தது. அக்கணிப்பில் எலெக்ட்ரானும் இல்லை, குவாண்டம் விதியும் இல்லை! திரவ ஆர்கானுக்கு அது போதும். திரவ ஹீலியத்திற்குப் போதாது. இவ்வேறுபாட்டை ஆயத்தமாய்க் கிடைக்கும் படக்காட்சி உரைப்பதில்லை.

ஆதலின் பௌதிக மாணாக்கர் ஒவ்வொருவரும் நூறு அணுக்களையேனும் தாமே எழுதிய நிரலில் இயக்குதல் வேண்டும். அன்று பெருங்கணினி செய்த வேலைக்கு இன்று மடிக்கணினியே மிகையாகும். காலக்கூற்றைப் பெரிதாக்கினால் மொத்தச் சக்தி கட்டுக்கடங்காது ஏறுவதையும் அவர்கள் காணட்டும். ஆசிரியரும் திரையிலாடும் படத்திற்கு மதிப்பெண் வழங்காது, எவற்றைக் கொண்டார், எவற்றை விட்டார், ஏன் விட்டார் என்று மாணாக்கர் எழுதும் பக்கத்திற்கே வழங்குவாராக.