விழித்த கண்ணே காவல்

தாம்பரத்திற்குக் கிழக்கே, செம்மஞ்சேரியில் தலைமையிடம் கொண்ட இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் 2008இல் நிறுவப்பட்டது. அங்குப் பயில்வோர் நாளை வணிகக் கப்பல்களைச் செலுத்துவர். அவற்றைக் காக்கவும் வேண்டும். 2004 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பன்னாட்டு விதித்தொகுப்பு, அயல்நாடு செல்லும் பெருங்கப்பல்களுக்குப் பாதுகாப்புத் திட்டத்தையும் பாதுகாப்பு அலுவலரையும் கட்டாயமாக்கியது. மூன்று மாதங்களுக்கு ஒருமுறையேனும் ஒத்திகை நடத்தப்பெற வேண்டும்.

எனினும், இப்பொறுப்பு பெரும்பாலும் ஏற்கெனவே பணிச்சுமை மிக்க அலுவலர் ஒருவரிடமே சேர்கிறது. பகலில் சரக்கேற்றத்தை மேற்பார்வையிட்டு, இரவில் கலத்தையும் செலுத்துபவர் கண்ணயர்ந்தால், ஏட்டிலுள்ள திட்டம் எவ்வாறு காக்கும்? நாளொன்றுக்குப் பத்து மணிநேர ஓய்வு என்னும் விதியை மெய்யாகவே கடைப்பிடிப்பதும், போதிய ஆட்களை அமர்த்துவதும் செலவல்ல. அவையே பாதுகாப்பின் முதற்படி. பூட்டிய கதவினும் வலியது, ஓய்ந்து விழித்த கண்.