கூட்டமில்லாத நேரம் யாருடைய நேரம்?

"கோயிலுக்குப் போறதுன்னா கூட்டம் இல்லாத நேரமாப் பார்த்துப் போங்க." தாம்பரம் பக்கம் வருகிறவர்களுக்கு நாம் எல்லோரும் சொல்கிற புத்திமதி இது. மாடம்பாக்கம் தேனுபுரீஸ்வரரைப் பார்க்க வேண்டுமா? ஞாயிற்றுக்கிழமை ராகு காலத்தில் தூணிலிருக்கும் சரபேஸ்வரருக்காகக் கூட்டம் வரும், பிரதோஷத்தன்று நிற்க இடமிருக்காது, வார நாளில் போங்கள். திருநீர்மலை என்றால் சனிக்கிழமை வேண்டாம். குன்றத்தூர் என்றால் கிருத்திகை வேண்டாம். காலையில் நடை திறந்ததும் போய்விட்டால் நிம்மதியாகப் பார்க்கலாம். தகவலெல்லாம் சரிதான். ஒரு கேள்விதான் பாக்கி: வார நாளில் நடை திறக்கும் நேரத்தில் எந்தப் பெண் ஓய்வாக இருக்கிறாள்?

அந்த நேரத்தில் அவள் அடுப்படியில் இருக்கிறாள். டிபன் டப்பா கட்ட வேண்டும், பள்ளி வேன் வந்துவிடும், எட்டு மணிக்கு மின்சார ரயிலைப் பிடிக்க வேண்டும். மாலையில் நடை திறக்கும்போது பிள்ளைகள் வீடு திரும்புகிறார்கள். வீட்டிலிருக்கும் பெண்ணுக்குக் கொஞ்சம் ஒழிகிற நேரம் நண்பகலுக்கும் நாலு மணிக்கும் இடையில்தான். பெரும்பாலான கோயில்களில் அப்போது நடை சாத்தியிருக்கும். அவளுடைய ஒழிந்த நேரமும் கோயிலின் திறந்த நேரமும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதே இல்லை.

அதனால்தான் கூட்ட நாட்களில் நம் பெண்கள் அதிகம். நெரிசலில் இடிபடுவது அவர்களுக்குப் பிடித்திருக்கிறது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பிரதோஷம், கிருத்திகை, வேண்டுதல் என்று சொன்னால்தான் வீட்டை விட்டுக் கிளம்ப முடிகிறது. "சும்மா போய் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். யாருடன், எதற்கு, சமையல் முடிந்ததா என்று மூன்று கேள்விகள் வரும். கூட்ட நாள் என்பது நமக்குக் கிடைக்கும் அனுமதிச் சீட்டு.

சரி, எப்படியோ நேரத்தைத் திருடிக்கொண்டு ஒரு புதன்கிழமை தனியாகப் போகிறாள் என்றே வையுங்கள். ஆளில்லாத படிக்கட்டு ஓர் ஆணுக்கு அமைதி. அவளுக்கோ அது பின்னால் கேட்கும் செருப்புச் சத்தம். கூட்டத்தில் கிள்ளும் கைக்குப் பயப்பட வேண்டும், தனிமையில் தொடரும் காலுக்குப் பயப்பட வேண்டும். அதனால் நாம் இரண்டையும் கணக்குப் போட்டு, பத்துப் பெண்களாவது இருக்கும் நேரமாகத் தேடுகிறோம். கூடவே இன்னொரு கணக்கு: கழிப்பறை. அது இருக்காது, இருந்தாலும் பூட்டியிருக்கும் என்ற அனுபவத்தில், காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் கிளம்புகிறோம். பயணத் திட்டம் என்று மற்றவர்கள் சொல்வது இடத்தைப் பற்றியது. நாம் போடும் திட்டமெல்லாம் நம் உடம்பைப் பற்றியது.

அடுத்த புத்திமதி, "மரியாதையாகப் போங்கள்." மரியாதை என்ற பேச்சு ஏனோ உடனே துணிக்குப் போய்விடுகிறது. 2015 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் தனி நீதிபதி ஒருவர், அடுத்த ஜனவரி முதல் கோயில்களில் உடைக் கட்டுப்பாடு வேண்டும் என்று உத்தரவிட்டார். பெண்களுக்குச் சேலை, தாவணி, மேல்துணியோடு சுடிதார். ஜனவரியிலேயே இரு நீதிபதிகள் அமர்வு அதற்குத் தடை விதித்தது. தடை வந்தாலும் பார்வைகள் மாறவில்லை. சட்டையைக் கழற்றிவிட்டு வெற்று மார்போடு நிற்கும் ஆண் பக்திமான். துப்பட்டா நழுவினால் நாம் மரியாதை தெரியாதவர்கள்.

துணிக்கு அடுத்தது தீட்டு. மாடம்பாக்கத்தின் தலபுராணத்தையே எடுத்துக்கொள்வோம். கபில முனிவர் பசுவாகப் பிறந்து, மண்ணில் புதைந்திருந்த லிங்கத்தின் மேல் பால் சொரிந்தார். மேய்ப்பவன் அடித்தபோது பசுவின் குளம்பு பட்டு லிங்கத்திலிருந்து ரத்தம் வந்தது என்கிறது கதை. தேனு என்றால் பசு. அந்தப் பசுவின் பெயரால்தான் ஈசனுக்கே பெயர். விலங்கின் பால் புனிதம், கல்லில் கசிந்த ரத்தம் அதிசயம், அதே வாசலில் நிற்கும் பெண்ணின் ரத்தம் மட்டும் அசுத்தமா?

"ஆகமம், மாற்ற முடியாது" என்பார்கள். தாம்பரத்திலிருந்து அதே ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போனால் மேல்மருவத்தூர். அங்கே பெண்கள் கருவறைக்குள் போய்ப் பூசை செய்கிறார்கள், மாதவிடாயும் தடையில்லை. லட்சக்கணக்கான பெண்கள் சிவப்புச் சேலையில் போய்வருகிறார்கள், எந்தத் தெய்வமும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

மாடம்பாக்கத்திலேயே இன்னொன்றும் நடந்தது. 2021 ஆகஸ்டில் அனைத்துச் சாதி அர்ச்சகர்களுக்கு நியமன ஆணை கொடுத்தபோது, சுஹாஞ்சனா என்ற இளம்பெண் தேனுபுரீஸ்வரர் கோயிலுக்கு ஓதுவாராக நியமிக்கப்பட்டார். அதற்கு முன்பே, 2006இல், தலித் பெண்ணான அங்கயற்கண்ணி திருச்சியில் ஓதுவாராகியிருந்தார். 2023இல் ஸ்ரீரங்கத்து அர்ச்சகர் பயிற்சிப் பள்ளியில் மூன்று பெண்கள் படித்து முடித்துச் சான்றிதழ் பெற்றார்கள். சோழர் காலக் கல் மண்டபத்தில் பெண் குரலில் தேவாரம். மரியாதை என்று நான் சொல்வது இதைத்தான்.

கோயிலோடு சேர்த்து "கிராமத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள்" என்பது இப்போதைய வழக்கம். முடிச்சூர் தாண்டினால் மணிமங்கலம். நரசிம்மவர்ம பல்லவன் இரண்டாம் புலிகேசியைத் தோற்கடித்த ஊர். ஏரி, வயல், பழைய பெருமாள் கோயில். போகிறவர்கள் நாற்று நடும் பெண்களைக் கேட்காமல் படம் எடுக்கிறார்கள். அவள் உங்கள் காட்சிக்காகக் குனிந்திருக்கவில்லை, கூலிக்காகக் குனிந்திருக்கிறாள். படம் எடுக்கும் நகரத்துப் பெண்களில் நாமும் உண்டு. செருப்பைக் கழற்றும்போது வரும் பணிவு, வரப்பில் நிற்கும்போதும் வரட்டும். கேளுங்கள். வேண்டாம் என்றால் போனை உள்ளே வையுங்கள்.

"கோயிலே ஆணாதிக்கம், அங்கே எதற்குப் போக வேண்டும்?" என்று கேட்கும் தோழிகளுக்கும் ஒரு பதில். காசு கொடுக்காமல், காபி வாங்காமல், ஒரு பெண் தூணில் சாய்ந்து உட்காரக்கூடிய இடம் இந்தப் புறநகரில் வேறு எத்தனை இருக்கிறது? டீக்கடை பெஞ்சு நமக்கில்லை. பூங்கா விளக்கு எரிந்தால்தான் உண்டு. அந்தக் கல் தரையைப் பெருக்குபவளும் வாசலில் பூக்கட்டி விற்பவளும் பெண்தான். நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, அந்த நிழலில் நமக்குப் பங்கிருக்கிறது. விட்டுக்கொடுத்துவிட்டு வருவது எதிர்ப்பாகாது.

மாற்றம் வராமலும் இல்லை. 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் நமக்குக் கட்டணமில்லை. யாரிடமும் பத்து ரூபாய் கேட்காமல் கிளம்ப முடிந்ததே பெரிய விஷயம். அதே ஆண்டு தாம்பரம் மாநகராட்சியானது. 2022இல் அதன் முதல் மேயராக வந்தவர் வசந்தகுமாரி என்ற இளம் தலித் பெண். இனி நாம் கேட்க வேண்டியதைக் கேட்போம். பேருந்து நிறுத்தத்திலிருந்து கோயில் வரை தெருவிளக்கு. பூட்டாத, தண்ணீர் வரும் கழிப்பறை. நண்பகலிலும் கருவறையை மூடிக்கொண்டு மண்டபத்தையாவது திறந்து வைப்பது. இவை இருந்தால், எந்த நேரம் போகலாம் என்று யாரும் நமக்குப் புத்தி சொல்ல வேண்டியதில்லை.

அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். அடுத்த புதன்கிழமை, வேண்டுதல் எதுவும் இல்லாமல், இரண்டு மூன்று பேராகப் போங்கள். அர்ச்சனைத் தட்டு வேண்டாம். வெறுமனே உட்காருங்கள். கிளம்பும்முன் கோயில் அலுவலகத்தில், நாலு பேர் காதில் விழும்படி, கழிப்பறைச் சாவி எங்கே என்று கேட்டுவிட்டு வாருங்கள்.